நிறத்தைச் சொல்ல விடாத சொல்: வீட்டு விறாந்தையில் ஒரு ஸ்ட்ரூப் சோதனை

உயர்தரம் படிக்கும் பிள்ளை ஒருத்தி. அவள் முன்னால் இருந்த தாளில் "நீலம்" என்ற சொல் பச்சை மையில் இருந்தது. மையின் நிறத்தைத்தான் சொல்ல வேண்டும், சொல்லை வாசிக்கக் கூடாது என்று இரண்டு தரம் சொல்லியிருந்தேன். தலையாட்டினாள். ஆனாலும் வாய் "நீ" என்று தொடங்கிவிட்டது. அதை விழுங்கி, மேசை விளிம்பை விரலால் அழுத்திக்கொண்டு "பச்சை" என்றாள். அடுத்த சொல்லிலும் இதே பாடு. முடித்ததும் கேட்டாள்: "சேர், கண்ணுக்குப் பச்சையெண்டு தெரியுது, வாயில நீலமெண்டு வருது. எனக்கு ஏதும் பிரச்சினையா?"

அவளுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. பத்துப் பன்னிரண்டு வருடம் வாசித்துப் பழகிய கண், எழுத்தைக் கண்டால் நம்மைக் கேட்டுக்கொண்டிருக்காது, வாசித்துவிடும். திருகோணமலை பஸ் நிலையத்தில் நின்று, நிலாவெளிப் பக்கம் போகும் பஸ்ஸின் பெயர்ப்பலகையை வாசிக்காமல் பார்க்க முயன்று பாருங்கள். சிங்களம் தெரியாதவருக்குச் சிங்கள எழுத்து அழகான வளைவுகளாகவே நிற்கும். தமிழில் கண் பட்டதோ இல்லையோ, ஊர்ப்பெயர் மனதுக்குள் ஒலித்துவிடும். இந்த வித்தியாசத்தைச் செக்கன் கணக்கில் அளந்து காட்டலாம். நாலைந்து தாளும் ஒரு கைத்தொலைபேசியும் போதும். உப்புவெளியில் வீட்டு விறாந்தையில் ரியூசன் பிள்ளைகளோடு செய்து, பிழைவிட்டு, திருத்தித் திருத்தி வந்த முறையைப் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

முதலில் பழைய கணக்கு

சொல்லை வாசிப்பது சுலபம், நிறத்தின் பெயரைச் சொல்வது மெதுவு என்பதை அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் மக்கீன் கட்டெல் 1886இலேயே அளந்து எழுதிவிட்டார். இரண்டையும் ஒன்றோடொன்று மோதவிட்டு அளந்ததால்தான் ஜோன் ரிட்லி ஸ்ட்ரூப்பின் பெயர் நிலைத்தது. அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் கலாநிதிப் பட்டத்துக்காகச் செய்த அந்த ஆய்வை அவர் 1935இல் வெளியிட்டார்.

அவருடைய தாளில் 100 சொற்கள் இருந்தன. நிறத்தைப் பார்க்காமல் சொல்லை மட்டும் வாசிக்கச் சொன்னபோது, கறுப்பு மையில் இருந்த சொற்களுக்குச் சராசரி 41.0 செக்கன் எடுத்தது. வேறு நிற மையில் இருந்தவற்றுக்கு 43.3 செக்கன். வித்தியாசம் அற்பம். மறுபக்கம், 100 நிறச் சதுரங்களின் நிறத்தைச் சொல்ல 63.3 செக்கன் போதுமாக இருந்தது. அதே நிறங்கள் பொருந்தாத நிறப்பெயர்களுக்குள் வந்தபோது 110.3 செக்கன் ஆனது. நிறம் வாசிப்பை அசைக்கவில்லை, வாசிப்போ நிறத்தைச் சொல்வதை மறித்துப்போட்டது. நீங்கள் செய்யப்போகும் சோதனையின் உயிர் இந்த ஒருபக்கத் தடையில்தான் இருக்கிறது.

நிறங்களைத் தெரிவு செய்வது

அதிகம் பிழைவிடும் இடம் இது. நானும் இங்கேதான் விட்டேன், ஆகவே கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

நாலு நிறம் போதும். முதல் தாளில் சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள் போட்டேன். வெள்ளைத் தாளில் மஞ்சள் எழுத்து மங்கிப்போய், பிள்ளைகள் தாளை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனார்கள். அந்தத் தாமதத்துக்குக் காரணம் மை. சொல்லின் பொருள் அல்ல. மஞ்சளை எடுத்துவிட்டு ஊதாவைப் போட்டேன். அது வேறு வில்லங்கம். கணினித் திரையில் பளிச்சென்று தெரிந்த நீலம் அச்சில் ஊதாப் பக்கம் சாய்ந்துவிட்டது. திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, அச்சு மையால் காட்டுகிறது. திரையின் ஆழ்ந்த நீலம் அச்சில் அப்படியே வருவது அரிது. போதாததற்கு ஒருவர் "ஊதா" என்றார், இன்னொருவர் "நாவல்" என்றார், மூன்றாமவர் "வயலட்" என்றார். எது சரி என்று யோசிப்பதிலேயே அரைச் செக்கன் போய்விடும்.

இதில் தமிழுக்கே உரிய விசயம் ஒன்றும் உண்டு. நம்முடைய நிறப்பெயர்களில் பல, பொருள்களின் பெயர்கள். மஞ்சள் என்றால் நிறமும் உண்டு, கறிக்குப் போடும் மஞ்சளும் உண்டு. நாவல் என்றால் பழமும் உண்டு. பச்சை என்பது நிறம் மட்டுமல்ல; வேகாததும் பச்சை, காய்ச்சாத தண்ணீரும் பச்சைத்தண்ணி. ஆங்கிலத் தாளை அப்படியே தமிழாக்கினால் சரிவராது என்று நான் சொல்வது இதனால்தான். எல்லா இரட்டைப் பொருளையும் தவிர்க்க முடியாது. ஆனால் ஒருவர் பிழைவிடும்போது ஏன் விட்டார் என்று யோசிக்க இது உதவும்.

கடைசியில் நான் நின்றது சிவப்பு, பச்சை, நீலம், மண்ணிறம் என்ற நாலில். மண்ணிறம் அச்சில் தெளிவாக வருகிறது, சின்னப் பிள்ளைக்கும் பெயர் தெரியும். ஸ்ட்ரூப்பும் தம் ஐந்து நிறங்களில் மஞ்சளைச் சேர்க்கவில்லை. சிவப்பு, நீலம், பச்சை, மண்ணிறம், ஊதா என்பவற்றைத்தான் வைத்தார். நீலத்தை ஒரு படி வெளிறச் செய்து, நாலு நிறத்தையும் ஒரு துண்டுத் தாளில் அடித்துப் பார்த்துவிட்டு மற்றதை அச்சுக்குக் கொடுங்கள்.

தாள்களைத் தயாரிப்பது

ஒவ்வொரு தாளிலும் 24 இடம், வரிசைக்கு நாலாக ஆறு வரிசை. 24 என்பதற்குக் காரணம் உண்டு. நாலு சொல்லில் ஒவ்வொன்றும் தன்னுடையதல்லாத மூன்று நிறத்தில் வரலாம். அது 12 சோடி. ஒவ்வொரு சோடியையும் இரண்டு தரம் போட்டால் 24. எந்தச் சொல்லுக்கும் எந்த நிறத்துக்கும் கூடுதல் இடம் கிடைக்காது.

முதல் தாளில் வெறும் நிறச் சதுரங்கள். இரண்டாவதில் நிறத்தோடு சம்பந்தமில்லாத சொற்கள், நாலு நிற மையிலும் கலந்து. மூன்றாவதில் நிறத்தை நினைவூட்டும் சொற்கள், தம் சொந்த நிறமல்லாத மையில். நாலாவதில் நிறப்பெயர்கள், அதேபோல் பொருந்தாத நிறத்தில். பலர் முதல் தாளையும் நாலாவதையும் மட்டும் வைத்துக்கொண்டு முடித்துவிடுகிறார்கள். அது போதாது. நடுவில் உள்ள இரண்டும் இல்லாவிட்டால், தாமதம் ஏதோ ஓர் எழுத்தைக் கண்டதால் வந்ததா, அந்தச் சொல்லின் பொருளால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. உளவியலாளர் ஜோர்ஜ் கிளைன் 1964இல் இப்படிப் படிப்படியாக வைத்துத்தான் பார்த்தார். பொருளற்ற எழுத்துக் கோவை கொஞ்சமாகத் தடுத்தது, சாதாரணச் சொல் அதைவிடக் கூட, நிறத்தை நினைவூட்டும் சொல் இன்னும் கூட, பதில்களில் வரும் நிறப்பெயர்களில் ஒன்றே பொருந்தாத மையில் எழுதியிருந்தால் எல்லாவற்றிலும் கூட. சொல்லின் பொருள் பதிலுக்கு எவ்வளவு கிட்ட வருகிறதோ அவ்வளவுக்குத் தடை.

சம்பந்தமில்லாத சொற்களுக்கு நான் வைத்திருப்பவை விளக்கு, கதவு, திண்ணை, கட்டடம். எழுத்து எண்ணிப் பாருங்கள்: சிவப்புக்கு நாலு, விளக்குக்கும் நாலு, பச்சை, நீலம் இரண்டுக்கும் மூன்று மூன்று, கதவு, திண்ணைக்கும் அப்படியே, மண்ணிறத்துக்கு ஐந்து, கட்டடத்துக்கும் ஐந்து. முதலில் கதவு இருந்த இடத்தில் படகு என்று போட்டிருந்தேன். படகும் பச்சையும் ஒரே எழுத்தில் தொடங்குவதைப் பிறகுதான் கவனித்தேன். முதலெழுத்து ஒத்துப்போவதே வாயை ஒரு பக்கம் இழுக்கும், ஆகவே அதை எடுத்துவிட்டேன்.

நினைவூட்டும் சொற்கள்: நெருப்பு, கிளி, வானம், கோப்பி. நீலத்துக்கு முதலில் கடல் என்றுதான் எழுதினேன். கடற்கரையில் பிறந்தவனுக்கு வேறென்ன தோன்றும்? பிறகு யோசித்தேன். 2004 மார்கழிச் சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் பலருக்குக் கடல் என்பது நீலம் மட்டுமல்ல. மனதைத் தைக்கும் சொற்களும் நிறம் சொல்வதைத் தாமதிக்கச் செய்யலாம். அதற்கென்றே தனியான ஆய்வு வகை இருக்கிறது, அது பயிற்சி பெற்றவர்களின் வேலை. விறாந்தைச் சோதனையில் யாருடைய துக்கத்தையும் கிளறும் சொல் வரக்கூடாது. வானம் என்று மாற்றினேன்.

வரிசையைக் கலக்கும்போது இரண்டைப் பாருங்கள். ஒரே நிறமோ ஒரே சொல்லோ அடுத்தடுத்து வரக்கூடாது. அத்தோடு, ஓரிடத்தில் ஒதுக்கிவிட்ட சொல்லே அடுத்த இடத்தில் பதிலாக வரக்கூடாது. "நீலம்" என்ற சொல்லை அடக்கிவிட்டுப் பச்சை என்றவருக்கு, அடுத்த மையே நீலமாக இருந்தால் நாக்கு மேலும் தயங்கும். முழுத் தாளிலும் இதைத் தவிர்ப்பது கடினம். நிறப்பெயர்த் தாளில் முடிந்தவரை குறைவாக இருக்கும்படியாவது பாருங்கள்.

அச்சடிக்கும் கடையில்

யுனிகோட் எழுத்தில் தட்டச்சு செய்து, பிடிஎஃப் ஆக்கிக் கொண்டுபோங்கள். பாமினி எழுத்துருவில் அடித்துக் கொண்டுபோய், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் முழுத் தாளும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் வரும். நிறம் கொடுக்கும்போது முழுச் சொல்லுக்கும் கொடுங்கள். ஓர் எழுத்துக்கு மட்டும் நிறம் பூசி மற்றதைச் சாம்பலாக விட்டால் தடை குறையும் என்று டெரெக் பெஸ்னரும் அவருடன் சேர்ந்தவர்களும் 1997இல் காட்டியிருக்கிறார்கள். நாலு தாளையும் ஒரே நாளில், ஒரே இயந்திரத்தில் அடியுங்கள்.

ஆளும் இடமும்

வயது குறைந்தவர் என்றால் தாய் தகப்பனிடம் கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும். வேண்டாம் என்று நடுவில் எழும்பினால் விட்டுவிட வேண்டும். சதுரத் தாளின் முதல் வரிசையைக் காட்டி நிறங்களின் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள். சிவப்பையும் பச்சையையும் மாறிச் சொல்கிறவர்கள் இருப்பார்கள், பெண்களைவிட ஆண்களில் கூட. அவரை எல்லார் முன்னிலையிலும் திருத்த வேண்டாம். நேரம் குறிக்கும் வேலையைக் கொடுத்துவிடுங்கள். பகல் வெளிச்சம் வரும் விறாந்தை நல்லது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் தாளின் மேல் ஒரு கல்லை வைத்துக்கொள்ளுங்கள்.

சொல்ல வேண்டியதும் குறிக்க வேண்டியதும்

எல்லாருக்கும் ஒரே வசனம். நான் தாளின் பின்பக்கம் எழுதி வைத்து வாசிக்கிறேன்: "மையின் நிறத்தை மட்டும், இடமிருந்து வலமாக, ஏலுமான வேகத்தில் சொல்லுங்கோ. பிழைச்சா அந்த இடத்திலேயே திருத்திப்போட்டுத் தொடருங்கோ." திருத்தச் சொல்வது முக்கியம். இல்லாவிட்டால் ஒருவர் பிழையைப் பொருட்படுத்தாமல் ஓடிக் குறைந்த நேரம் எடுப்பார், இன்னொருவர் நின்று நிதானித்துக் கூடிய நேரம் எடுப்பார். இரண்டையும் ஒப்பிட முடியாது.

கையால் நிறுத்தற் கடிகாரத்தை அமர்த்துவதைவிட, தொலைபேசியில் குரலைப் பதிந்து பிறகு கேட்டு அளப்பது நம்பகமானது. முதல் நிறத்தின் தொடக்கத்திலிருந்து கடைசி நிறத்தின் முடிவு வரை. "நீ... பச்சை" என்ற தடுமாற்றங்களும் பதிவில் இருக்கும், அவற்றை எண்ணி எழுதுங்கள். கண்ணையும் கவனியுங்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள் கண்ணை இடுக்கி, எழுத்தைக் கலங்கலாக்கிக்கொண்டு நிறத்தை மட்டும் பார்ப்பார்கள். நல்ல உத்திதான், ஆனால் அப்போது நீங்கள் அளப்பது வேறொன்று.

ஒரே ஒழுங்கில் நாலு தாளையும் எல்லாருக்கும் கொடுக்க வேண்டாம். கடைசித் தாளுக்கு வரும்போது சிலருக்கு நாக்கு பழகிவிடும், சிலருக்குக் களைப்பு. அரைவாசிப் பேருக்கு முதலிலிருந்து நாலாவதுக்கும், மற்றவர்களுக்கு நாலாவதிலிருந்து முதலாவதுக்கும் போங்கள்.

கணக்குப் பார்ப்பது

ஒருவருடைய நேரத்தை இன்னொருவருடைய நேரத்தோடு ஒப்பிட வேண்டாம். ஒவ்வொருவரையும் அவரோடேயே ஒப்பிடுங்கள். ஒருவர் சதுரத் தாளுக்கு 16 செக்கன், நாலாவது தாளுக்கு 27 செக்கன் எடுத்தார் என்று வையுங்கள். வித்தியாசம் 11, 24ஆல் பிரித்தால் ஒரு சொல்லுக்கு ஏறத்தாழ 0.46 செக்கன். இதேபோல் இரண்டாவது, மூன்றாவது தாள்களுக்கும். பிறகு எல்லாருடைய வித்தியாசங்களின் சராசரியை எடுங்கள். நாலு தாளும் படிக்கட்டு மாதிரி ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறாவிட்டால் ஏறியதாக எழுத வேண்டாம்; அச்சையும் ஒழுங்கையும் திரும்பச் சரிபாருங்கள்.

இதை வைத்துக்கொண்டு யாருக்கும் "கவனக்குறைவு" என்றோ, வயதானவருக்கு "நினைவு போகுது" என்றோ சொல்லிவிடாதீர்கள். இதில் நான் கடுமையாகவே இருக்கிறேன். 7 வயதிலிருந்து 80 வயது வரை அளந்த 1962ஆம் ஆண்டு ஆய்விலேயே, தடை சிறு வயதில் மிகக் கூடுதலாக இருந்து, வளர்ந்தவர்களிடம் குறைந்து, முதுமையில் மறுபடி ஏறுவது தெரிந்தது. மருத்துவர்கள் பயன்படுத்தும் வடிவங்களுக்கு வயதுக்கும் படிப்புக்கும் ஏற்ற ஒப்பீட்டு அளவுகள் உண்டு. நம் கையில் இருப்பது 24 சொல் உள்ள ஒரு தாள்.

ஏன் இப்படி நடக்கிறது

வாசிப்பு வேகமானது, முந்திக்கொண்டு வந்து வாயில் நிற்கிறது என்பதுதான் முதலில் தோன்றும் விளக்கம். பாதி சரி. கொலின் மக்லியோடும் கெவின் டன்பாரும் 1988இல் வெளியிட்ட சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. பெயரில்லாத சில கோணல் உருவங்களுக்கு நிறப்பெயர்களைச் சூட்டி, "இந்த உருவத்தின் பெயர் பச்சை" என்று பழக்கினார்கள். தொடக்கத்தில் உருவத்துக்குப் பூசிய நிறம்தான் உருவத்தின் பெயரைச் சொல்ல விடாமல் தடுத்தது. இருபது நாள் பயிற்சிக்குப் பிறகு நிலைமை தலைகீழானது. உருவத்தின் பெயர் நிறத்தைச் சொல்வதைத் தடுக்கத் தொடங்கியது. எழுத்துக்கென்று தனி வல்லமை எதுவும் வேண்டியதில்லை. எந்தப் பாதையில் அதிகம் நடந்தோமோ அதுவே மற்றதை மறிக்கிறது.

எங்கள் பக்கத்து வீட்டு ஆச்சி பள்ளிக்கூடம் போனதில்லை. ஒரு நாள் பிள்ளைகளின் கூத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர் தாளை வாங்கி மடியில் வைத்தார். மண்ணிறம், சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒரு தடங்கலும் இல்லாமல், சதுரத் தாளுக்குச் சொன்ன அதே நடையில், நாலாவது தாளையும் சொல்லி முடித்தார். "இதில என்ன கஷ்டம் தம்பி?" என்று கேட்டார். ஓர் ஆளை வைத்து ஆய்வு முடிவு எழுத முடியாது. ஆனால் அன்றைக்கு அந்தப் பிள்ளைகள் விளங்கிக்கொண்ட அளவுக்கு என்னுடைய எந்த விரிவுரையிலும் விளங்கிக்கொண்டதில்லை.

இந்த ஊரில் மட்டும் சுலபமாகச் செய்யக்கூடியவை

ஐந்தாவது தாள் ஒன்று: நிறப்பெயர்கள் சிங்களத்தில், பதில் தமிழில். சிங்கள எழுத்திலேயே அச்சடியுங்கள். நீலத்துக்குச் சிங்களத்தில் நில். அதைத் தமிழ் எழுத்தில் போட்டால் நிற்கச் சொல்வதாகிவிடும். சிங்களம் சரளமாக வாசிக்கிறவர், எழுத்துக்கூட்டி வாசிக்கிறவர், அறவே தெரியாதவர் என மூன்று விதமானவர்களையும் இங்கே ஒரே ஒழுங்கையில் கண்டுபிடிக்கலாம். ஒரு மொழியின் சொல், இன்னொரு மொழியில் சொல்லும் பதிலையும் தடுக்கும் என்று பிரெஸ்டனும் லம்பர்ட்டும் 1969இல் காட்டினார்கள். இரண்டு மொழிப் பெயர்களும் ஒலியில் நெருங்கினால் தடை கூடும். ஆகவே நில் என்ற சொல் வரும் இடங்களைப் பதிவில் தனியாகக் கேட்டுப் பாருங்கள்.

ஆறாவது தாளை இப்போதுதான் தயாரித்துக்கொண்டிருக்கிறேன். பக்கத்து ஊர்களான கிண்ணியாவிலும் மூதூரிலும் குர்ஆன் ஓதிப் பழகி, அரபு எழுத்தைத் தடங்கலில்லாமல் வாசிக்கும் பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு அரபில் அன்றாட நிறப்பெயர்களின் பொருள் தெரியாது. எழுத்து வாசிக்கப்படும், ஒலி வரும், பொருள் வராது. சொல்லின் பொருளை மட்டும் கழற்றி வைத்துப் பார்க்க இதைவிட நல்ல வாய்ப்பு எங்கே கிடைக்கும்? அந்தத் தாள் நிறத்தோடு சம்பந்தமில்லாத சொற்களின் தாளுக்குக் கிட்ட நிற்கும் என்பது என் எதிர்பார்ப்பு. வேதத்திலிருந்து எடுக்காமல் தனிச்சொற்களாகவே போடுகிறேன். உயிர்க்குறிகள் இல்லாமல் அச்சடித்ததைப் பார்த்த கிண்ணியா மாணவன் ஒருவன், "சேர், ஹரகத் போடாட்டி எங்களுக்கு ஓடாது" என்று திருப்பித் தந்துவிட்டான். குறிகளைப் போட்டு மறுபடி அச்சுக்குக் கொடுத்திருக்கிறேன். இந்த முறை நீலத்தை இன்னொரு படி வெளிறச் செய்திருக்கிறேன்.